அட்டையின் முதல் வரி

எனக்குக் கோபம் வரும். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வந்த வேகத்தில் போய்விடும். கத்துவேன், ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவேன், டீ கேட்பேன். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாத ஆள் நான் என்று சபையில் எழுந்து நின்று சாட்சியே சொல்லியிருக்கிறேன். முன்வரிசைக்காரர்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். மூன்றாவது வரிசையில் என் மனைவியும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். ஏனென்றால் இந்த ஒரு வாரமாக எனக்கு எதுவும் பிடிபடவில்லை. யார் மேல் தப்பு, யாரிடம் மன்னிப்புக் கேட்பது, ஆண்டவர் என்னதான் செய்கிறார், ஒன்றும் விளங்கவில்லை.

எல்லாம் ஒரு அட்டையால் வந்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகர் பெரியவர்கள் எல்லோருக்கும் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை அட்டையும் ஒரு உறையும் கொடுத்தார். "உங்க மனசுல எது முதல்ல இருக்கு, எது ரெண்டாவது, எது மூணாவதுன்னு வரிசையா எழுதுங்க. என்ன இருக்கணும்னு எழுதாதீங்க. என்ன இருக்குன்னு எழுதுங்க. ஒட்டிக் குடுத்துடுங்க. ஒரு மாசம் ஜெபம் பண்ணுவோம். ஆண்டவர் அதை எடுத்து மாத்தி அடுக்கட்டும். அப்புறம் அவங்கவங்க அட்டையை வாங்கி, தனியா உட்கார்ந்து படிச்சுப் பாருங்க. வேற யாரும் படிக்கக் கூடாது. புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும் கூடாது," என்றார்.

நான் இரண்டு நிமிடத்தில் எழுதிவிட்டேன். ஒன்று ஆண்டவர், இரண்டு மனைவி, மூன்று மகள், நான்கு வேலை, ஐந்து சபை ஊழியம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற பிரசங்கம்தானே. எழுதி, ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். மகளும் வந்துவிட்டாள். மனைவி வரவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேயிருந்தாள். நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், அவள் எழுந்திருக்கவில்லை. நான் ஹாரன் அடித்தேன். இரண்டு முறை. பிறகு இறங்கிப் போய் வாசலில் நின்று, "பரீட்சையா எழுதுற? வாம்மா சீக்கிரம்!" என்றேன்.

அவள் அவசர அவசரமாக உறையை ஒட்டினாள். மேலே பேர் எழுதப் போனாள். "பேரெல்லாம் எதுக்கு? உறையில நம்பர் இருக்கு பாரு, போதும்" என்று அவள் கையிலிருந்து பிடுங்கி நானே பெட்டியில் போட்டேன். எங்கள் சபையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு எண் உண்டு. காணிக்கை உறைகளில் அந்த எண்ணை அச்சடித்துத்தான் கொடுப்பார்கள். புது உறை வாங்குவானேன் என்று போதகர் மீந்துபோன அந்த உறைகளையே இதற்கும் கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டு எண் நாற்பத்தேழு. என் உறையிலும் நாற்பத்தேழு, அவள் உறையிலும் நாற்பத்தேழு. மற்றவர்கள் எல்லோரும் பேரும் எழுதியிருந்தார்கள். எழுத விடாத அறிவாளி நான் ஒருவன்தான்.

போன ஞாயிறு அட்டைகள் திரும்பி வந்தன. நாற்பத்தேழு என்றிருந்த இரண்டு உறைகளில் ஒன்றை நான் எடுத்துச் சட்டைப்பையில் வைத்தேன், இன்னொன்றை அவள் கைப்பையில் வைத்தாள்.

திங்கள்கிழமை காலை ஒரு ஒன்பது மாடிக் குடியிருப்பில் வேலை. நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். என்னோடு பதினோரு வருடமாக வேலை செய்கிறவனை எல்லோரும் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவோம். கண்ணாடி அவ்வளவு கனம். அவன் கீழே கதவுச் சக்கரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் மொட்டை மாடியில் மோட்டார் அறையில் கிரீஸ் போட்டு முடித்து, கையைத் துடைத்து, தனியாக இருக்கிறோமே, இதுதான் நேரம் என்று உறையைப் பிரித்தேன்.

உருண்டை உருண்டையான எழுத்து. என் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். இது யாருடையது என்று முதல் எழுத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. ஆண்டவர் மேல் சத்தியமாக, என் கண் எனக்கு முன்னால் ஓடிவிட்டது.

"1. அவர் கோபம்.

2. அவருக்குக் கோபம் வராமல் இருக்க இன்றைக்கு என்ன செய்ய வேண்டும்.

3. மகள்.

4. அக்கா. அடுத்த மாதம் 19ஆம் தேதி ஆபரேஷன். போக வேண்டும். எப்படிச் சொல்வது?

5. ஆண்டவரே, உம்மை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. இடம் இல்லை. மன்னியும்."

மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்ததும் எனக்கு வந்தது என்ன தெரியுமா? கோபம். என் கோபமா? எனக்கா? நாயாக உழைத்துப் போடுகிறேன், ஒரு நாள் குடித்தது கிடையாது, கை நீட்டியது கிடையாது, ஞாயிறு தவறாமல் சபைக்குக் கூட்டிப் போகிறேன். என்னைப் போய் இப்படி எழுதலாமா? அதுவும் ஆண்டவரிடம்!

தடதடவென்று படியிறங்கிப் போய்ச் சோடாபுட்டி முன்னால் நின்றேன். "டேய், எனக்குக் கோபம் வருமாடா?" என்று கத்தினேன்.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். "உனக்கா? சேச்சே. போன வாரம் டார்ச் லைட் தானா செவுத்துல போய் மோதிக்கிச்சு," என்றான்.

"விளையாடாத. நெஜமா கேக்குறேன்."

"நெஜமா சொல்லணுமா? காலையில உன் வண்டிச் சத்தம் கேட்டதும் நான் முதல்ல பார்க்கிறது உன் மூஞ்சியைத்தான். அன்னைக்கு வாயைத் திறக்கலாமா வேண்டாமான்னு அதை வெச்சுதான் முடிவு பண்ணுவேன்." இப்படிச் சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குச் சக்கரத்தைத் துடைக்கப் போய்விட்டான்.

அன்று பதினைந்தாம் தேதி. பத்தொன்பது வெள்ளிக்கிழமை. இன்னும் நான்கு நாள்.

அவள் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடம் முன்னால் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. நான் எதற்கோ சத்தம் போட்டேன், எதற்கு என்று இப்போது நினைவில்லை. அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம் மெதுவா பேசுங்க. குழந்தை நடுங்குது பாருங்க," என்றார்கள். எல்லோர் முன்னாலும். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவாமல் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். "இந்த வாசல்ல இனிமே என் கால் படாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் கால் என்றுதான் சொன்னேன். மனைவியின் காலைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை. ஆனாலும் அவளும் போகவில்லை. போக அவளுக்கும் இஷ்டமில்லை போலிருக்கிறது என்று ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன ஒரு மூளை எனக்கு!

இப்போது என்ன செய்வது? "உன் அக்காவுக்கு ஆபரேஷனாமே, போய்ட்டு வா" என்று சொல்லலாம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். அட்டையைப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். ஆண்டவருக்கு எழுதியதைப் படித்தவன் என்று ஆகிவிடும். சொல்லாமல் இருந்தால் வெள்ளிக்கிழமை வந்துவிடும். அவள் போக மாட்டாள். அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அவளே வந்து சொல்லும்படி நான் நடந்துகொள்வது. நான்கு நாள் சாந்தமாக இருப்பது. அது என்ன பெரிய காரியம்?

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே குரலைத் தணித்துக்கொண்டேன். "என்னம்மா, இன்னைக்கு எப்படி இருந்தது?" என்றேன்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "எதுங்க?"

"பொதுவா. நாள்."

"நல்லாத்தான் இருந்தது." அவள் கண் என் முகத்தில் எதையோ தேடியது. "ஏங்க, நான் ஏதாவது மறந்துட்டேனா? கரண்ட் பில் கட்டியாச்சு. உங்க பூட்ஸ் தைக்கக் குடுத்தாச்சு."

"அட, ஒண்ணும் இல்லம்மா. சும்மா கேட்டேன்."

சும்மா என்ற வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு முகமே மாறிவிட்டது. டீயில் சர்க்கரை அதிகமாக இருந்தது. வழக்கமாக இதற்கே வீடு இரண்டுபட்டிருக்கும். பேசாமல் குடித்தேன், சிரித்தேன் வேறு. மனைவி தண்ணீர்க் குவளையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள், பேயறைந்த மாதிரி. மகள் புத்தகத்தை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்களுக்கு ஏதாவது டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கா?"

"இல்லடா. ஏன்?"

"வேலை போயிடுச்சா?"

"இல்லம்மா!"

"அப்புறம் ஏன் இப்படி இருக்கீங்க?" அவள் கண் கலங்கியிருந்தது. இதென்னடா வம்பு! கத்தினாலும் பயப்படுகிறார்கள், கத்தாவிட்டால் இன்னும் அதிகமாகப் பயப்படுகிறார்கள். அன்று சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்யக் கண்ணை மூடினேன். ஆண்டவரே, என் மனதை நீர் வரிசைப்படுத்தும் என்று ஒரு மாதமாகக் கேட்டேனே, இதுவா வரிசை என்று மட்டும்தான் உள்ளே ஓடியது. வெளியே என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு துணிக்கடைக் கட்டிடத்திலிருந்து அழைப்பு. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு பெண். அதே நேரத்தில் இன்னொரு அலுவலக மேனேஜர் என் போனில் காட்டுக்கத்தல் கத்திக்கொண்டிருந்தார். அவர் லிஃப்டில் விளக்கு மினுக்குகிறதாம், உடனே வர வேண்டுமாம். எங்கள் கம்பெனிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்: முதலில் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள், அடுத்து ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். எவ்வளவு கத்தினாலும் கத்துகிறவருக்காக வரிசை மாறாது. போனை வைத்துவிட்டுத் துணிக்கடைக்குப் போனோம்.

சோடாபுட்டி மேலே ஏறி மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்ற ஆரம்பித்தான். நான் மூன்றாம் மாடிக் கதவருகில் சாவியோடு நின்றேன். உள்ளே இருந்து கதவைத் தட்டும் சத்தம். "கதவைத் தொடாதீங்க! தள்ளி நில்லுங்க!" என்று அலறினேன். வேலையில் அப்படித்தான் சொல்ல வேண்டும், தொட்டால் ஆபத்து.

உள்ளே இருந்து சின்னக் குரலில், "சாரிங்க. சாரி. நான் எதையும் தப்பா அமுக்கல. மூணாம் நம்பர்தான் அமுக்கினேன். தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க," என்று வந்தது.

நாற்பது நிமிடம் இருட்டில் நின்றிருக்கிறாள். காப்பாற்ற வந்தவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெண்ணை முன்பின் பார்த்ததில்லை, ஆனால் அந்தக் குரலில்தான் என் வீட்டில் தினமும் பேசுகிறார்கள். "நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். சாவியைத்தான் திருப்பினேன். கதவு திறந்ததும் அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சாரி சொல்லிவிட்டுப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடிப்போனாள்.

அன்று வீட்டுக்குப் போய் மொட்டையாக, "எங்கயாவது போகணும்னா சொல்லும்மா" என்றேன். "எங்க போகப் போறேன் நான்?" என்று சொல்லிவிட்டு மனைவி துணி மடிக்கப் போய்விட்டாள்.

புதன்கிழமை போதகரைப் பார்க்கப் போனேன். சபையின் பின்னறையில் பழைய மைக் ஒயர்களைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேராக விஷயத்துக்கு வந்தேன். "பாஸ்டர், என் மனசை மாத்தி அடுக்கச் சொல்லித்தானே ஜெபம் பண்ணோம்? என் அட்டையில எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆண்டவர் முதல்ல. ஆனா வேற ஒருத்தரோட மனசுல ஆண்டவரோட இடத்துல நான் உட்கார்ந்திருக்கேன். அவங்க கும்பிட்டு உட்கார வைக்கல. பயந்து போய் உட்கார வெச்சிருக்காங்க. இப்ப நான் என்ன பண்ணணும்?"

அவர் ஒயரைக் கீழே வைத்தார். "பிரதர், எனக்குத் தெரியல," என்றார். "உண்மையைச் சொல்றேன். என் அட்டையை நானே இன்னும் திறக்கல. பயமா இருக்கு."

என்ன போதகர் இவர் என்று ஆத்திரமாக வந்தது. கூடவே ஒரு நிம்மதி. குழம்பிக் கிடப்பது நான் ஒருவன் மட்டும் இல்லை. இரண்டு பேரும் ஜெபம் செய்தோம். அவரும் சரியாக முடிக்கவில்லை, நானும் முடிக்கவில்லை.

வியாழக்கிழமை வந்துவிட்டது. நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். அக்கா இருக்கும் ஊருக்கு விடிகாலையில் ஒரு பஸ், மத்தியானம் ஒரு பஸ். ஆபரேஷன் காலை பத்து மணி வாக்கில் இருக்கும். விடிகாலை பஸ்ஸை விட்டால் போய்ப் பிரயோசனமில்லை. மகள் டியூஷன் போயிருந்தாள். மனைவி சமையலறையில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அழுதியா?"

"வெங்காயங்க."

அங்கே வெங்காயமும் இல்லை, கத்தியும் இல்லை. நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நாளைக்கு என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லையே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நாளைக்கு ஒண்ணுமே இல்லையா?"

அவள் பயந்து போய்க் காலண்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நாளைக்கு உங்க டப்பாவுல முட்டை வெக்கட்டுமா? ரெண்டா?"

அவ்வளவுதான். நான்கு நாளாகக் கட்டிவைத்திருந்தது எல்லாம் அறுத்துக்கொண்டு போனது. "சொல்லேன்! வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்! உங்க அக்காவுக்கு நாளைக்கு ஆபரேஷன்னு சொல்ல உனக்கு என்ன கேடு? நான் என்ன புலியா சிங்கமா? கடிச்சா தின்னுடுவேன்?" பாத்திரங்கள் அதிர்ந்தன. அவள் சுவரோரமாக ஒதுங்கிவிட்டாள். என்னிடம் சொல்லப் பயப்படுகிறாள் என்று அவள் மேலேயே கத்திக்கொண்டிருக்கிறேன். எனக்கே கேட்டது. நிறுத்த முடியவில்லை.

கத்தி முடிக்கும்வரை அவள் சுவரோரமாகவே நின்றாள்.

"உங்களுக்கு யார் சொன்னா?" என்றாள்.

சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துச் சமையல் மேடையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். சாரி சொல்வாள் என்றுகூட நினைத்தேன். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பதினெட்டு வருடத்தில் அப்படி நான் பார்த்ததில்லை.

"படிச்சீங்களா?"

"மாறி வந்துடுச்சும்மா. ரெண்டுலயும் ஒரே நம்பர். தெரியாம..."

"தெரியாம அஞ்சு வரியும் படிச்சீங்களா?" அவள் குரல் உயர்ந்தது. "அதை நான் உங்களுக்கா எழுதினேன்? ஆண்டவருக்கு எழுதினேன்! வாழ்க்கையில ஒரே ஒரு தடவை, ஒரே ஒருத்தர்கிட்ட மனசு விட்டுச் சொன்னேன். அங்கயும் நடுவுல வந்து உட்கார்ந்துக்கிட்டீங்களே! எனக்குன்னு எங்கதான் போறது நான்?"

எங்கள் வீட்டில் என் குரலைத் தவிர வேறு பெரிய குரல் கேட்டதேயில்லை. என்ன பதில் சொல்வது, எழுந்திருப்பதா, உட்கார்ந்தே இருப்பதா, கையை எங்கே வைத்துக்கொள்வது, எதுவும் தெரியவில்லை. எதிரில் ஒருவர் கத்தும்போது இப்படித்தான் இருக்குமா? பதினெட்டு வருடம் இவளுக்கு இப்படித்தான் இருந்ததா?

"உங்க அட்டையும் என்கிட்டதான் இருக்கு," என்றாள். "ஞாயித்துக்கிழமையே பிரிச்சேன். முதல் எழுத்தைப் பார்த்ததும் உங்களோடதுன்னு தெரிஞ்சது. என்னோடது உங்ககிட்ட வந்திருந்தா, எழுத்தைப் பார்த்ததும் மூடிடுவீங்கன்னு நம்பினேன். நானும் மூடிடலாம்னுதான் நினைச்சேன். ரெண்டாவது வரியில மனைவின்னு கண்ணுல பட்டுடுச்சு." அவள் மூச்சு வாங்கினாள். "யாரோட மனைவின்னு யோசிச்சேன்."

அந்த வார்த்தை நேராக நெஞ்சில் இறங்கியது. வலித்தது. அவள் கேட்டது நியாயம்தான் என்பதால் இன்னும் வலித்தது.

"நாளைக்கு விடிகாலை பஸ்ல நான் போறேன்," என்றாள். போகட்டுமா என்று கேட்கவில்லை.

"போம்மா. நானும் வரேன். அக்காகிட்ட மன்னிப்புக் கேக்குறேன்." மனமாரத்தான் சொன்னேன்.

அவள் வேகமாகத் தலையாட்டினாள். "வேண்டாம். நீங்க வந்தா நான் உங்க மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன். அக்காவைப் பார்க்க முடியாது."

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பரணிலிருந்து பையை எடுக்கப் போனாள். நான் எடுத்துத் தருகிறேன் என்று எழுந்தேன். அதற்குள் அவளே எடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்வரை என் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் கைப்பையிலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. நாலு நாளாக நான் கேட்டதும் இதைத்தானே? அவள் மனதில் நான் இருந்த இடத்தில் ஆண்டவர் வர வேண்டும் என்றுதானே? வந்துவிட்டார் போலிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியவன் நான். ஆனால் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தின மாதிரி இருந்தது. நல்லது நடந்ததற்கு இப்படி ஏன் வயிறு எரிய வேண்டும் என்று எனக்கு விளங்கவேயில்லை. பஸ் போய்விட்டது.

மத்தியானம் போன் வந்தது. "ஆபரேஷன் முடிஞ்சது. அக்கா கண் முழிச்சுட்டாங்க," என்றாள். அவள் குரல் லேசாக இருந்தது. அந்தக் குரலை நான் கல்யாணத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறேன்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்," என்றேன். "எப்ப வர்ற?"

"பத்து நாள் இருப்பேன்."

பத்து நாளா? வாய்வரை வந்துவிட்டது. சமையல் யார் செய்வது, மகளை யார் டியூஷனில் விடுவது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா, எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது. போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சரிம்மா," என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு வேர்த்துவிட்டது.

சாயங்காலம் நானும் மகளும் சேர்ந்து பாத்திரம் கழுவினோம். அவள் கழுவ, நான் துடைத்து அடுக்கினேன். பள்ளிக்கூடத்தில் யாரோ டீச்சரின் செருப்பை ஒளித்து வைத்த கதையைச் சொல்லிக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். மனது கொஞ்சம் லேசானது. பரவாயில்லை, எல்லாம் சரியாகிவிடும், நான் மாற ஆரம்பித்துவிட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அவள் சோப்புக் கையிலிருந்து கண்ணாடி டம்ளர் நழுவித் தரையில் சிதறியது.

மகள் வெறுங்காலோடு நின்றிருந்தாள். அவள் காலைச் சுற்றிலும் கண்ணாடித் துண்டுகள். அவள் தரையைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்க்கவில்லை. டம்ளர் விழுந்த சத்தம் அடங்கும் முன்னரே அவள் கண் என் முகத்துக்கு வந்துவிட்டது.

"அசையாத!" என்றேன். காலில் குத்திவிடுமே என்றுதான் சொன்னேன். ஆனால் பெரிய குரலில் வந்தது. அவள் தோள் குறுகியது.

"சாரிப்பா. கை வழுக்கிடுச்சு. வேணும்னு பண்ணல."

"தெரியும்டா. தெரியும். காலைப் பாரு. கீழே பாரும்மா, என் மூஞ்சியைப் பார்க்காத."

கீழே ஒரு முறை பார்த்தாள். உடனே மறுபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு வயது பதினான்கு. பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம், நான் சொன்னால் போய்விடுமா? மனைவியின் அட்டையில் நான்தான் முதல் வரி என்று தெரிந்து நான்கு நாள் தவித்தேனே, இவளிடம் ஒரு அட்டை கொடுத்திருந்தால் இவள் என்ன எழுதியிருப்பாள்?

நான் அவள் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். "ஆண்டவரே, இது உம்ம இடம்," என்று வாய்விட்டே சொன்னேன். "நான் இங்க எப்போ ஏறி உட்கார்ந்தேன்னு தெரியல. எப்படி இறங்கறதுன்னும் தெரியல. நீர்தான் இறக்கிவிடணும்." பெரிய துண்டுகளை முதலில் எடுத்தேன். பிறகு அவள் விரல்களுக்கு நடுவில் கிடந்த சின்னச் சின்னத் தூள்களை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். ஒவ்வொரு தடவை நான் தலையை நிமிர்த்தியபோதும் அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.